பேயன் வளவு ஒழுங்கை

பிரிக்பீல்ட்ஸில் மழை பிடித்த மத்தியானம்.
மிஸஸ் சோங்கின் சலவைக்கடையில்
உடுப்புகளுக்குத் துண்டுச் சீட்டுக் குத்துகிறேன்.
ஹஸ்லினா, பாஜு கூரோங் இரண்டு.
டாக்டர் தேவசகாயம், கோட்டு ஒன்று, கறிக் கறை.
சீட்டு மாறினால் சட்டை வேறு ஆளிடம் போய்விடும்.
அதனால் பெயரை இரண்டு தரம் வாசிப்பேன்.

கைபேசி அதிர்ந்தது. ஊர்க் குழு:
டொராண்டோ, லா சப்பல், சூரிச்,
ஊரில் மிஞ்சிய பதினொரு பேர்.
பிரதேச சபை கேட்டிருக்கிறதாம்,
பழைய பலகை கழற்றியாச்சு,
உங்கடை ஒழுங்கைக்கு என்ன பெயர் எழுத?
வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கோ,
பெயின்ட்காரன் வவுனியாவுக்குப் போய்விடுவான்.

கழற்றிய பலகையில் இருந்தவர் ஒரு மேஜர்.
எங்கள் கிணற்றில் குளித்திருப்பார், அவ்வளவுதான் உறவு.
மேலே அவர்களுடைய எழுத்து, பெரிதாய்.
கீழே தமிழ், சின்னதாய், ஒரு கால் விடுபட்டு.

அதற்கு முந்தியது சிவப்பில் மஞ்சள்:
லெப்டினன்ட் இளவேங்கை வீதி.
அது என் தம்பி.
பதினாறு வயதில்
மாங்காய் களவெடுக்கப் போனவனை
மதிலடியில் வைத்து இயக்கம் பிடித்துக்கொண்டு போய்
அந்தப் பெயரை வைத்தது.
அம்மா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.
பலகை திறந்த அன்று ஒலிபெருக்கியில்
இளவேங்கையின் தாயார் என்று அழைத்தபோது
ஆரைக் கூப்பிடுகிறார்கள் என்று
பின்னால் திரும்பிப் பார்த்தா.

அதற்கும் முந்திப் பலகையே இல்லை.
பேயன் வளவு ஒழுங்கை என்றால்
தபால்காரனுக்குத் தெரியும்.
ஆர் அந்தப் பேயன்?
காணி எழுதிக் கொடுத்துவிட்டுக்
காசு வாங்க மறந்தவன் என்பார்கள் மேற்கு வீட்டார்.
இல்லை, வாங்கினவன்தான் என்பார்கள் கிழக்கு வீட்டார்.

குழுவில் சண்டை.
சூரிச்: இவ்வளவும் இழந்துபோட்டு
பேயன் எண்டோ எழுதுறது?
தமிழன்னை வீதி எண்டு போடுங்கோ.
லா சப்பல்: மாவீரன்ரை பெயர்தான். காசு நான் தாறன்.
ஊரிலிருந்து குணமலர் அக்கா:
அதைப் போட்டால் இரவிலை ஜீப் வரும்.
வாறது லா சப்பலுக்கு இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு ஆரோ:
நிரோஜினி சொல்லட்டும். அவளின்ரை தம்பி.

"ரோஸி!"
மிஸஸ் சோங் கூப்பிடுகிறா.
நிரோஜினி அவவின் வாய்க்குள் அடங்கவில்லை.
ஏழு வருடமாய் ரோஸிக்குத்தான் சம்பளம்.
யூ.என். அட்டையில் எழுத்துப் பிழையோடு
மூன்றாவதாய் ஒருத்தி இருக்கிறாள்.

வாசலில் நனைந்தபடி ஒரு டெலிவரிப் பெடியன்,
ஜாலான் துன் சம்பந்தன் எந்தப் பக்கம் என்கிறான்.
நீ நிற்கிறதே அதில்தான் என்கிறேன்.
"பிரிக்பீல்ட்ஸ் ரோடு" என்கிறார்
கோட்டு எடுக்க வந்த டாக்டர், ஒருவரிடமும் இல்லாமல்.
பெடியன் இரண்டுக்கும் தலையாட்டுகிறான்.
பெட்டிக்குள் ஆருடையதோ சோறு ஆறுகிறது.

அந்த ஒழுங்கைக்குத் தம்பியை
ஒரு பெயரில்தான் தெரியும்.
பொழுதுபட, படலையில் நின்று அம்மா கூப்பிடுவா:
குட்டான்... டேய் குட்டான்...
அவன் வருவதற்கு முதல்
நாலு வீட்டு நாய்கள் வரும்.

குட்டான் ஒழுங்கை
என்று எழுதிப் பார்த்தேன்.
அழித்தேன்.
ஆணி அடித்ததை ஆரும் கழற்றலாம்,
இரண்டு தரம் பார்த்தாச்சு.
இதை நான் தரமாட்டேன்.

பேயனே இருக்கட்டும், என்று அனுப்பினேன்.
வளவுக்கு ள.
பெயின்ட்காரனிடம் சொல்லுங்கோ.

சூரிச் குழுவை விட்டு வெளியேறினார்.
குணமலர் அக்காவிடமிருந்து ஒரு பெருவிரல்.
டாக்டரின் கோட்டைப் பிரித்துக் காட்டினேன்.
கறை முழுக்கப் போகவில்லை என்றேன்.
தெரியும், என்றார்.